சர்ச் வேலைக்கு டேப் (டேப்லெட்) வாங்கியாச்சா? சனிக்கிழமை ராத்திரியே ஏரோபிளேன் மோட்ல போட்டுப் பாருங்க

கல்லறைத் தோட்டத்துல பெட்டிய குழிக்குள்ள எறக்கப் போற நேரம். சாறல் பிடிச்சிட்டு. எங்க ஆயர் (பாஸ்டர்) கையில குடை இல்ல, டேப்தான் இருக்கு, அதுல அடக்க ஆராதனை முறைய நான்தான் பிடிஎஃப் ஆக்கி ஏத்திக் கொடுத்திருந்தேன். ஸ்க்ரீன்ல நாலு துளி விழுந்ததும் அது யாரோ விரல வச்சி தேய்க்கிற மாதிரி தானா பக்கம் பக்கமா ஓட ஆரம்பிச்சிட்டு, ஆயர் துடைக்க துடைக்க இன்னும் வேகமா ஓடுது, கடைசில போய் நின்ன எடம் கல்யாண ஆராதனை. ரெண்டையும் ஒரே ஃபைலா சேத்தது என் புத்தி. அவிய ஒரு நிமிஷம் பேசாம நின்னாவ. பின்னால நின்ன வயசான உபதேசியார் கக்கத்துல இருந்த பழைய ஆராதனை முறை புக்க எடுத்து, பக்கத்த விரிச்சே, ஒண்ணும் சொல்லாம நீட்டினாரு. எனக்கு அந்தக் குழிக்குள்ள நானே சாடிரலாம் போல இருந்து.

நான் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன், சபையில செக்ரட்டரி. கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்னு ஒருத்தன் இருந்தா சபையில அத்தனை ஒயரும் அவன் தலையிலதான விழும், அப்படித்தான் டேப் பொறுப்பும் எனக்கு வந்து. அதுக்குப் பொறவு எங்க சபைக்கும் பக்கத்து ரெண்டு மூணு சபைக்கும் நான் செட்டப் பண்ணிக் கொடுத்ததுல பட்டுத் தெரிஞ்சத இங்க எழுதுறேன். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வழக்கத்த வச்சிதான் சொல்வேன், கத்தோலிக்க பங்கு, சால்வேஷன் ஆர்மி, பெந்தெகோஸ்தே சபைன்னு எங்க இருந்தாலும் பேரு மட்டும் மாத்தி வாசிச்சிக்கிடுங்க.

முதல்ல வாங்குற விஷயம். பிரசங்க பீடத்துல வச்சி வாசிக்கணும்னா 10 இஞ்ச், 11 இஞ்ச் வேணும். 8 இஞ்ச் கைக்கு நல்லாருக்கும், வீடு சந்திப்புக்கு அதுதான் சுகம், ஆனா நாப்பது வயசு தாண்டின ஆயருக்கு பீடத்துல அது ஆகாது. ராம் மெமரி 4 ஜிபிக்கு கீழ வேண்டாம், உள்ள 64 ஜிபியும் மெமரி கார்டு போடுற எடமும் இருந்தா போதும். சிம் போடுற மாடலா வைஃபை மட்டுமான்னு கேட்டா, நான் வைஃபை மட்டும் போதும்னுதான் சொல்வேன், நெட் வேணும்னா போன்ல இருந்து ஹாட்ஸ்பாட் எடுத்துக்கலாம், மாசம் மாசம் ரீசார்ஜுக்கு கமிட்டில போய் நிக்க வேண்டாம். கல்ஃப்ல இருந்து வந்த மச்சான் பழைய டேப் ஒண்ணு தாறேன்னு சொல்லுவான், சந்தோஷமா வாங்குங்க, ஆனா அதுல ஆண்ட்ராய்டு எந்த வெர்ஷன்னு பாருங்க, ரொம்ப பழசுன்னா பைபிள் ஆப்பே இறங்காது, பொறவு அத ஓய்வுநாள் பள்ளிக்கூடத்துல படம் காட்டத்தான் வைக்கணும். ஐபேட் வாங்க வசதி இருந்தா வாங்குங்க, கொள்ளாம், நல்லதுதான், ஆனா ஒண்ணு உடைஞ்சா சரி பண்ற காசுல சாதா டேப் இன்னொண்ணு வாங்கிரலாம்.

வாங்குறப்பமே கடையில ஒண்ணு கண்டிப்பா கேளுங்க: இந்த சார்ஜ் போடுற ஓட்டை வழியா டிவிக்கு படம் போகுமான்னு. சி டைப் பின் இருந்தாலே ஹெச்டிஎம்ஐ போகும்னு நெனச்சி கன்வெர்ட்டர் வயரு வாங்கிட்டு வந்து நிக்கிற ஆளுங்க நெறைய. வெல கம்மியான டேப்ல அந்த ஓட்டையில சார்ஜும் ஃபைலும் மட்டுந்தான் போகும், படம் போகாது. படம் போகணும்னா அந்த மாடல்ல டிஸ்ப்ளே அவுட்னு தனியா இருக்கணும். இல்லன்னா டிவியில சொருகுற ஸ்டிக் வாங்கி வயர் இல்லாம காட்டணும், அதுக்கு சர்ச்சுக்குள்ள வைஃபை வேணும், நடுவுல நின்னு நின்னு வரும். பாட்டு வரி காட்டுறதுக்குன்னா என் அபிப்பிராயம், பழைய லேப்டாப் ஒண்ணுல ஓப்பன்எல்பி மாதிரி இலவச சாஃப்ட்வேர் போட்டுக்கிடுங்க, டேப்ப அதுக்கு இழுக்க வேண்டாம்.

சரி, டேப் கையில வந்துட்டு. இனி நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், மீதி எல்லாம் அதுக்குள்ள அடக்கம். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு டேப்ப ஏரோபிளேன் மோட்ல போடுங்க. சார்ஜர புடுங்குங்க. இப்பம் நாளைக்கு வேண்டிய ஒவ்வொண்ணையும் தொறந்து பாருங்க. வேத பாடம், பிரசங்கக் குறிப்பு, அறிவிப்பு, பாட்டு, பாட்டு மியூசிக் எல்லாம். எது தொறக்கலையோ அது உங்ககிட்ட இல்ல, அவ்ளோதான். நிறைய பேர் கூகுள் டிரைவ்ல போட்டு வச்சிட்டு ஏத்தியாச்சுன்னு நிம்மதியா இருப்பாவ, ஃபைலோட பேரு தெரியும், தொட்டா சுத்திக்கிட்டே கெடக்கும், ஏன்னா பேரு மட்டும்தான் டேப்ல இருக்கு, ஃபைல் எங்கயோ மேல இருக்கு. டிரைவ்ல அந்த ஃபைலுக்குப் பக்கத்துல இருக்கிற மூணு புள்ளிய தொட்டா ஆஃப்லைன்ல வைக்கிறதுக்கு ஒரு வசதி உண்டு, அத போடுங்க, இல்ல நேரா டேப்ல டவுன்லோட் பண்ணி ‘ஞாயிறு’ன்னு ஒரு ஃபோல்டர்ல போடுங்க. வேதாகம ஆப்பும் அப்படித்தான், யூவர்ஷன்ல எந்த மொழிபெயர்ப்பு இறக்கி வைக்கலாம்னு பக்கத்துலயே அடையாளம் இருக்கும், வீட்டு நெட்ல ஒரு தடவ இறக்கிட்டா பொறவு சிக்னல் இல்லாத பேச்சிப்பாறை மலைக்கு மேல போனாலும் தொறக்கும்.

எந்த மொழிபெயர்ப்புன்னு கேட்டா, சபையில ஜனங்க கையில எது இருக்கோ அது. நம்ம பக்கம் பெரும்பாலும் பழைய திருப்புதல்தான், 1871ல பவர் ஐயர் தலைமையில வந்த மொழிபெயர்ப்ப ஒட்டினது. ஆயர் புது மொழிபெயர்ப்புல வாசிக்க, கீழ பாட்டி பழைய புக்ல விரல வச்சி தேட, வரி ஒத்துப் போகாம ‘என்ன வாசிக்காவ இவிய’ன்னு பக்கத்துல கேக்க, அந்த குசுகுசு தேவையா. தனியா படிக்க, ஒப்பிட்டுப் பாக்க நாலு மொழிபெயர்ப்பும் வச்சிக்கிடுங்க, பீடத்துக்கு ஒண்ணு போதும்.

அடுத்து ஃபான்ட். இது என் தொழில்ங்கிறதால கொஞ்சம் நீட்டி சொல்வேன், பொறுத்துக்கிடுங்க. நம்ம சபைகள்ல இருக்கிற பழைய ஃபைல் முக்காவாசி பாமினிலயோ வேற பழைய ஃபான்ட்லயோ அடிச்சது. அசன (சபை விருந்து) நோட்டீஸ், ஆண்டறிக்கை, கன்வென்ஷன் பாட்டு ஷீட், பெண்கள் ஐக்கிய நிகழ்ச்சி நிரல் எல்லாம் அப்படித்தான் கெடக்கும். அத டேப்ல தொறந்தா தமிழே இருக்காது, இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டிக் கெடக்கும். ஃபைல் கெட்டுப் போகல, பயப்பட வேண்டாம். அந்த ஃபான்ட்ல இங்கிலீஷ் எழுத்தோட எடத்துல தமிழ் எழுத்த வரைஞ்சி வச்சிருக்கு, டேப்ல அந்த ஃபான்ட் இல்லாததால உள்ள இருக்கிறது அப்படியே தெரியுது. ரெண்டு வழி. அந்த ஃபான்ட் இருக்கிற கம்ப்யூட்டர்ல தொறந்து பிடிஎஃப் ஆக்கிட்டு கொண்டு வந்தா எழுத்து உள்ளயே ஒட்டிக்கிடும், எந்த டேப்லயும் தெரியும், ஆனா தேட முடியாது, திருத்தவும் முடியாது. இல்லன்னா கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோட், அதாவது எல்லா கருவியிலயும் தெரியிற பொது எழுத்து முறை, ஆக்கணும், நெட்ல இலவசமாவே நெறைய இருக்கு, மாத்தின பொறவு ஒரு தடவ கண்ணால வாசிச்சிருங்க, கொம்பும் காலும் எடம் மாறிக் கெடக்கும். ஒரு தடவ வாசிக்காம விட்டு அறுப்பின் பண்டிகை நோட்டீஸ்ல நான் பட்ட பாடு தனிக் கதை. இனிமேல் புதுசா அடிக்கிறது எல்லாம் யூனிகோட்லயே அடிங்க.

பிரசங்கக் குறிப்ப ஏ4 சைஸ்ல அடிச்சி டேப்ல ஏத்தாதீங்க. பக்கம் சுருங்கி எழுத்து எறும்பு மாதிரி ஆகும், பெருசாக்கினா வரி பக்கத்துக்கு வெளிய ஓடும், ஆயர் ஒரு கையால அத இழுத்து இழுத்து வாசிக்கணும். வேர்ட்லயே பக்கத்த ஏ5 ஆக்கி, ஓரத்துல எடம் கம்மியா விட்டு, எழுத்து சைஸ் 18 இல்லன்னா 20 போட்டு, பத்திக்கு நடுவுல இடைவெளி விட்டு பிடிஎஃப் ஆக்குங்க. மேல இருந்து கீழ வழுக்கிட்டே போற மாதிரி வைக்காம, புக்கு மாதிரி பக்கம் பக்கமா திரும்புறாப்ல வையிங்க, விட்ட எடம் தெரியும். ஒவ்வொரு பக்கத்து மேலயும் நம்பர் போடுங்க.

பீடத்துல ஏறுறதுக்கு முன்ன மாத்த வேண்டியத ஒரு தாள்ல எழுதி டேப் கவருக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன். ஸ்க்ரீன் அணையிற நேரம் முப்பது நிமிஷம், அவ்ளோ இல்லாட்டா பத்து. தொந்தரவு வேண்டாம் மோட் ஆன். ஸ்க்ரீன் சுத்துறது லாக். வெளிச்சம் ஆட்டோல இருக்கக் கூடாது, ஏன்னா பழைய கோயில் ஜன்னல் வழியா வெயில் வந்து போற நேரம் அது கூடி குறைஞ்சி கண்ண கெடுக்கும். பொறவு அந்த ஆப்ப விட்டு வெளிய போகாம பூட்டுற வசதி, ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பக்கம் ஆப் பின்னிங்னு இருக்கும், சில கம்பெனி வேற பேரு வச்சிருக்கும், ஐபேட்ல அக்சசிபிலிட்டி உள்ள கைடட் அக்சஸ். இது சின்ன பிள்ளைங்க கையில கொடுக்கிறப்பமும் உதவும். பீடத்து மேல் பலக சரிவா இருக்கும்லா, கண்ணாடி மாதிரி வழுவழுன்னு பாலிஷ் போட்டிருப்பாவ, டேப் மெதுவா வழுக்கி வரும், அடியில ஒரு துண்டு ரப்பர் ஷீட் விரிச்சா போதும், ரப்பருக்கு நம்ம ஊர்ல பஞ்சமா. மேல ட்யூப் லைட் ஸ்க்ரீன்ல அடிச்சா கண்ணு கூசும், அதுக்கு பளபளப்பு இல்லாத மேட் ஸ்க்ரீன் கார்டு ஒட்டிருங்க. சாயங்கால ஆராதனையில கறுப்பு பின்னணியில வெள்ளை எழுத்து வையிங்க, இல்லன்னா வெள்ள வெளிச்சம் ஆயரோட தாடைக்கு கீழ இருந்து அடிச்சி ஓய்வுநாள் பள்ளி பிள்ளைங்க சிரிக்கும்.

அச்சடிச்ச வேதாகமம் பீடத்துல எப்பமும் விரிச்சே இருக்கட்டும். எங்க கமிட்டில ஒரு பாட்டா டேப்ப எதுத்து ஒரே பிடியா நின்னாரு, ‘தட்டுனா கறுத்துப் போறத நம்பி ஆராதனைக்கு நிக்காதீங்கலே’ன்னாரு. நாங்க சிரிச்சோம். கல்லறைத் தோட்டத்து சங்கதிக்குப் பொறவு யாரும் சிரிக்கல. இப்பம் எங்க சபையில அடக்கத்துக்கு டேப் எடுக்குறதே இல்ல, ஜூன் மழையும் ஐப்பசி மழையும் ரெண்டும் வாங்குற மாவட்டம் இது, திறந்த வெளின்னா பேப்பர்தான். வேற வழியே இல்லன்னா நல்ல தெளிவான ஜிப் கவருக்குள்ள போட்டு எடுத்துட்டு போங்க, கவருக்கு மேலயே தொடலாம், துளி விழுந்தா கவர துடைச்சாப் போதும். அடக்கம், கல்யாணம், ஞானஸ்நானம், திருவிருந்து ஒவ்வொண்ணும் தனித்தனி ஃபைல். இத நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, ஆனா நான் செய்யல.

கடலோர சபைக்கு ஒரு வார்த்த. குளச்சல், முட்டம் மாதிரி எடத்துல உப்புக் காத்து சார்ஜ் போடுற ஓட்டைய அரிச்சிரும். ரப்பர் மூடி சின்னதா கடையில கிடைக்கும், போட்டு வையிங்க, ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. அப்புறம் சூடு. பைக் டேங்க் கவருக்குள்ள போட்டுட்டு அடிக்கடி மத்தியானம் மார்த்தாண்டம் வரைக்கும் போய்ட்டு வந்தா பேட்டரி உப்பிக்கிடலாம், முதுகுல பையில போடுங்க. சார்ஜ்லயே ராப்பகலா கெடக்க விடாதீங்க, 80 சதவீதத்துல நிறுத்துற வசதி இருந்தா ஆன் பண்ணி வையிங்க.

இனி நான் டேப்ப எதுக்கு உண்மையா மதிக்கிறேன்னா, வீடு சந்திப்புக்கு. பீடத்துல அது புக்குக்கு பதில் ஒரு புக்கு, அவ்ளோதான். வீட்டுல அப்படி இல்ல. எங்க சேகரத்துல, அதாவது ஒரே ஆயருக்கு கீழ உள்ள சபைகள்ல, ரப்பர் வெளைக்கு நடுவுல ஒரு வீடு, மக்க எல்லாம் வெளியூர்ல, பாட்டி மட்டும். ஒரு கண்ணு ஆபரேஷன் பண்ணியும் சரியா வரல, பைபிள் வாசிச்சி ரெண்டு வருஷம் ஆச்சுன்னு சொன்னாவ. 91ம் சங்கீதத்த எடுத்து, ரெண்டு விரலால எழுத்த பெருசாக்கி, ஒரு ஸ்க்ரீன்ல ஆறேழு வார்த்த மட்டும் வர்ற மாதிரி வச்சி மடியில கொடுத்தேன். முதல் வார்த்தைய எழுத்துக் கூட்டினாவ, ரெண்டாவது வார்த்த தன்னால வந்து. வரி முடிஞ்சதும் நான் தள்ளப் போனேன், கைய தட்டி விட்டுட்டு அவியளே தள்ளினாவ. சாயா ஆறிப் போச்சு, நாங்க ரெண்டு பேரும் குடிக்கல. நான் கெளம்புறப்பம் ‘இத நாளைக்கும் கொண்டு வருவியா மக்களே’ன்னு கேட்டாவ.

அதனால வீடு சந்திப்புக்கு போற டேப்ல இத செஞ்சி வையிங்க: வேதாகம ஆப்ல எழுத்து சைஸ் கூட்டி, இடைவெளியும் கூட்டி வையிங்க, அடிக்கடி வாசிக்கிற சங்கீதம் பத்துப் பன்னிரண்ட புக்மார்க் போடுங்க, ஆடியோ வேதாகமம் இறக்கி வையிங்க, பக்கவாதத்துல படுத்திருக்கவங்களுக்கு ஒரு அதிகாரம் ஓட விட்டுட்டு பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாப் போதும், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பழைய கீர்த்தனைகள் ஒரு இருபது முப்பது, வரியும் பாட்டும். ஆஸ்பத்திரிக்கு போனா சத்தம் குறைச்சி, ஒரு வார்டுல இருந்து இன்னொரு வார்டுக்கு போறதுக்கு முன்ன 70 சதவீத ஆல்கஹால் துடைப்பான வச்சி ஸ்க்ரீனையும் கவரையும் தொடைங்க, ஸ்ப்ரேய நேரா ஸ்க்ரீன்ல அடிக்காதீங்க. பொறவு ஒண்ணு, அவிய பேசுறப்பம் டேப்ப கவுத்தி வையிங்க. ஸ்க்ரீன பாத்துக்கிட்டே ‘ம்ம்’ போட்டா கிழவிக்குக் கூட தெரியும்.

ஜெப விண்ணப்பத்த அங்கயே டைப் பண்ண வேண்டாம். வெளிய வந்து, பைக் பக்கத்துல நின்னு, வாய்ஸ் டைப்பிங்ல தமிழ் வச்சி சொல்லிடுங்க, ஓரளவுக்கு எழுதும். நம்ம ஊர் பேச்சு அதுக்கு பிடிபடாது, மெதுவாங்கிற அர்த்தத்துல நான் பைய போறேன்னு சொன்னா பையன் போறேன்னு எழுதும், அதனால கொஞ்சம் பாடப்புஸ்தகத் தமிழ்ல சொல்லுங்க.

சவுண்ட் சங்கதி. டேப்ல இருந்து பாட்டு ட்ராக் ஓட விடுறதுன்னா ப்ளூடூத்த நம்பாதீங்க, வயர் போடுங்க. நெறைய டேப்ல இப்பம் ஹெட்போன் ஓட்டையே கிடையாது, சி டைப்ல இருந்து மாத்துற சின்ன வயரு ஒண்ணு வேணும், ரெண்டா வாங்கி ஒண்ண மிக்சர் பெட்டிக்குள்ளயே போட்டு வையிங்க, ஏன்னா முதல் வயரு எப்பமும் யாரோ ஒரு தம்பி வீட்டுல இருக்கும். ஏரோபிளேன் மோட் போட மறந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். லெந்து கால (தவக்கால) வெள்ளிக்கிழமை, மவுன ஜெபம், என் வாட்ஸ்அப்ப டேப்லயும் இணைச்சி வச்சிருந்தேன், குடும்ப குரூப்ல வரிசையா ஏழு மெசேஜ், கோயில் மேல கட்டியிருந்த கோளாம்பில (கூம்பு ஸ்பீக்கர்ல) டிங் டிங்னு ஊருக்கே கேட்டு. வெளிய வந்ததும் டீக்கடைக்காரர் ‘உங்க சபையில மணிய மாத்தினீங்களா’ன்னு கேட்டாரு. சபை டேப்ல வாட்ஸ்அப் வேண்டாம், சொந்தக்காரன் சொன்னாலும் வேண்டாம்.

பாடகர் குழுவுக்கு டேப் ரொம்ப கொள்ளாம். டோ ரே மி எழுத்துல சால்ஃபா எழுதின பழைய நோட்டு, ஸ்டாஃப் நொட்டேஷன் தாள் எல்லாம் மடிப்புல கிழிஞ்சி கெடக்கும், அத ஒரு தடவ ஸ்கேன் பண்ணி வச்சா காலத்துக்கும் இருக்கும். போன் ஃப்ளாஷ் போட்டு எடுக்காதீங்க, காலையில ஜன்னல் பக்கத்துல தாள சமமா விரிச்சி, மேல இருந்து நேரா ஸ்கேன் ஆப்ல எடுங்க, ஓரம் தானா வெட்டிக்கிடும். ஆண்ட்ராய்டுல மொபைல்ஷீட்ஸ், ஐபேட்ல ஃபோர்ஸ்கோர்னு இதுக்குன்னே ஆப் இருக்கு, பாட்டு நம்பர் போட்டு தேடலாம், ஆராதனை வரிசைப்படி அடுக்கலாம். கீபோர்டு தம்பிக்கு காலால மிதிச்சி பக்கம் திருப்புற ப்ளூடூத் பெடல் ஒண்ணு கிறிஸ்மஸ் கேரலுக்கு முன்ன வாங்கிக் கொடுங்க. ஏரோபிளேன் மோட்ல இருந்தாலும் ப்ளூடூத்த மட்டும் தனியா ஆன் பண்ணலாம், இது தெரியாம மூணு வாரம் பெடல திட்டிக்கிட்டு இருந்தோம். யூட்யூப்ல ஆராதனைய லைவ் விடுறவங்களுக்கு மட்டும்: பாட்டு எழுதினவர் இறந்து 60 வருஷம் ஆச்சுன்னா வரிக்கு உரிம சிக்கல் இல்ல, வேதநாயக சாஸ்திரியார் 1864லயே போய்ட்டாரு, அவரோட கீர்த்தனைய தைரியமா பாடலாம், ஆனா யாரோ ரெக்கார்ட் பண்ண கேசட்ட ஓட விட்டா அந்த ரெக்கார்டுக்கு தனியா உரிமை உண்டு, அங்கதான் யூட்யூப்ல காப்பிரைட் க்ளெய்ம் வரும்.

ஓய்வுநாள் பள்ளிக்கு ஒரு டேப் வச்சி நாப்பது பிள்ளைங்கள மேய்க்க முடியாது. எட்டுப் பத்து பேர் சுத்தி உக்காந்தா சரி, அதுக்கு மேல டிவிதான். விபிஎஸ்ல (விடுமுறை வேதாகமப் பள்ளியில) நான் பாத்தது, டேப் நல்லா ஓடுறது டீச்சர் கையிலதான், ஆக்ஷன் சாங் மெட்டு மறந்தா பாக்க, மனப்பாட வசனத்த சரி பாக்க, யார் வந்தா வரலன்னு குறிக்க. பிள்ளைங்க போட்டோ எடுத்து ஊர் குரூப்ல போடுறதுக்கு முன்ன பெத்தவங்கள கேளுங்க, 2023ல வந்த தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்கு கீழ உள்ளவங்க விவரத்த கம்ப்யூட்டர் வழியா கையாள பெத்தவங்க சம்மதம் வேணும்னு தனியாவே சொல்லியிருக்கு.

குடும்ப லிஸ்ட் விஷயத்துலயும் அதே கவனம். வீட்டுப் பேரு, போன் நம்பர், பிறந்தநாள், கல்யாண நாள் வரைக்கும் டேப்ல ஒரு ஷீட்ல போடலாம், கோயில்பிள்ளை கூட வாழ்த்து சொல்லிருவாரு. யார் வீட்ல குடி, யார் மக கோர்ட்டுக்கு போயிருக்கா, யாருக்கு என்ன நோய், அதெல்லாம் அந்த ஷீட்ல வரக் கூடாது. ஆயருக்கு வேணும்னா பூட்டின நோட் ஆப்ல, பேர முழுசா எழுதாம வச்சிக்கிடட்டும். டேப்ல பல யூசர் வைக்கிற வசதி இருந்தா ஆயருக்கு ஒண்ணு, ஓய்வுநாள் பள்ளிக்கு ஒண்ணு பிரிச்சிருங்க. ஞானஸ்நான ரிஜிஸ்டர், கல்யாண ரிஜிஸ்டர் மையில எழுதினதுதான் எப்பமும் ஆதாரம், சர்டிபிகேட்டுக்கு வர்றவங்களுக்கு அதப் பாத்துதான் கொடுக்கணும், டேப்ல இருக்கிறது கரையான் பயத்துக்கு எடுத்து வச்ச போட்டோ மட்டும்.

காணிக்கைக்கு க்யூஆர் கோடு வைக்கிறப்பம் அது சபை பேர்ல உள்ள கணக்குக்கு போகணும், பொருளாளர் சொந்த நம்பர் இல்ல. பண ஆப் எதுவும் சபை டேப்ல வேண்டாம், க்யூஆர் படம் மட்டும். துபாய், சவுதியில இருந்து நம்ம பயக்க இந்திய பாஸ்போர்ட்டோட இருந்து தன் சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடைன்னு வராது. வேற நாட்டு சிட்டிசன் ஆயிட்டவங்க அனுப்புனா, இந்திய வம்சாவளிக்கு கொடுக்கிற ஓசிஐ கார்டு இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல (எஃப்சிஆர்ஏ) பதிவும் அதுக்குன்னு டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல உள்ள கணக்கும் இல்லாம வாங்கக் கூடாது. லிங்க் ஒண்ண குரூப்ல தட்டி விட்டுட்டு பொறவு ஆடிட்டர்கிட்ட முழிக்காதீங்க.

கடைசியா, நான் ஏமாந்த எடம். ஆயருக்கு ட்ரான்ஸ்ஃபர் வரும்லா. எங்க முதல் டேப்ல ஆயரோட சொந்த ஜிமெயில போட்டு செட்டப் பண்ணியிருந்தேன். மாற்றலாகி போறப்பம் அவிய நல்ல மனசோட எல்லாத்தையும் அழிச்சிட்டு கொடுப்போம்னு நெனச்சி, பட்டன அமுக்கிப் பிடிச்சி வர்ற மெனுல இருந்தே மொத்தமா ரீசெட் பண்ணிட்டாவ. புது ஆயர் வந்து ஆன் பண்றாரு, பழைய கணக்கோட பாஸ்வேர்ட் கேக்குது, அது இல்லாம ஒரு அடி நகரல. திருட்டுப் போனா யாரும் பாவிக்கக் கூடாதுன்னு ஆண்ட்ராய்டுல வச்சிருக்கிற பூட்டு அது. பழைய ஆயருக்கு போன் அடிச்சா அவிய ஒரு வாரம் வெளியூர் கூட்டத்துல, பாஸ்வேர்ட் நியாபகம் இல்ல, புது சேகரத்துல சிக்னலும் இல்ல. அதனால சபை பேர்ல தனி ஜிமெயில் ஒண்ணு, 15 ஜிபி இலவசம், நமக்கு அது தாராளம். பாஸ்வேர்ட ஒரு கவர்ல எழுதி ஒட்டி கோயில் இரும்புப் பெட்டிக்குள்ள வையிங்க, ரெக்கவரி நம்பரா செக்ரட்டரி நம்பரும் பொருளாளர் நம்பரும் கொடுங்க. ஒப்படைக்கிற அன்னைக்கு ரீசெட் பண்ணணும்னா முதல்ல செட்டிங்ஸ்ல போய் கணக்க நீக்குங்க, பொறவு அங்க இருந்தே ரீசெட் பண்ணுங்க, டேப் அணைஞ்சி மறுபடி ஆன் ஆகி பாஸ்வேர்ட் கேக்காம வருதான்னு ரெண்டு பேர் நின்னு பாத்துட்டு, பாத்திரம் பண்டம் எழுதுற சொத்துப் பதிவேட்டுல டேப் ஒண்ணு, சார்ஜர் ஒண்ணு, சி டைப் வயரு ரெண்டுன்னு எழுதி கையெழுத்து வாங்குங்க. எங்க பதிவேட்டுல வயரு ரெண்டுன்னுதான் இருக்கு, இரும்புப் பெட்டில இப்பமும் ஒண்ணுதான் கெடக்கு.